சிதம்பரத்தில் நீ பாடாத பாட்டு

மச்சான்,

இருமலுக்காக என் மனைவி மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சினாள். அந்த வாசனை வந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கச்சேரிக்குக் கிளம்புமுன் நீ குடிப்பது அதுதானே? டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, என் கோபம் இன்னும் போகவில்லை.

மஞ்சக்குப்பத்தில் உன் வீட்டு மாடியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. என் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து உன் கச்சேரிக்கு நான்தான் பிடில். "புரியாத பாஷையில பாடுறோம், ஜனங்க மரியாதைக்குத் தலையாட்டுறாங்க. நம்ம காலத்துப் பாட்டு ஒண்ணு போடு மச்சான், நான் பாடுறேன்" என்றாய். தமிழில் நானே எழுதி, காம்போதி ராகத்தில் மெட்டுப் போட்டேன். யுத்த காலம், மண்ணெண்ணெய் கிடைக்காது. பொழுது சாய்வதற்குள் சாதகத்தை முடிப்போம்.

ஊர் சும்மா இருந்ததா? "புதுப்பாட்டு பிடில்காரர்" என்று கேலி செய்தார்கள். பெரிய பாடகர்கள் என்னைக் கூப்பிடுவதையே நிறுத்தினார்கள். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனக் கச்சேரி உனக்குக் கிடைத்தது. அங்கே ஒருமுறை பாடிவிட்டால் பாட்டும் நிற்கும், நானும் நிற்பேன் என்று நம்பினேன். "அதான் அன்னைக்குப் பெரிய உருப்படி, நடராசர் மேல சத்தியமா" என்று நீதான் சொன்னாய். நிறைமாதம் என்பதால் தங்கை மட்டும் வரவில்லை.

உன்னைத் திட்டுகிற இதே வாயால் சொல்கிறேன், பாட்டுக்கு முன்னால் அன்று நீ ஆலாபனை செய்தாயே, அப்படி ஒரு காம்போதியை அதற்குப் பின் நான் கேட்கவில்லை. வழக்கமாகப் பாடகர் ராகத்தை முடித்துப் பிடிலைப் பார்ப்பார். அடுத்து அந்த ராகத்தை வாசிப்பது பிடில்காரன் முறை. எந்தச் சின்னக் கச்சேரியிலும் அதைப் பறிக்கமாட்டார்கள். நான் வில்லை எடுத்துவிட்டேன். நீ என் பக்கம் திரும்பவேயில்லை. மூச்சு விடாமல் அதே ராகத்துப் பழைய தெலுங்குக் கீர்த்தனை ஒன்றில் இறங்கிவிட்டாய். எனக்கு இடம் விட்டால் புதுப்பாட்டின் முதல் அடியை வாசித்து உன்னை அதில் இழுத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாய். மிருதங்கக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பக்கவாத்தியக்காரன் பாதியில் எழுந்து போக முடியுமா? நீ போன வழியெல்லாம் பின்னாலேயே வாசித்தேன்.

"கச்சேரிக்குப் பணம் குடுத்த மிராசுதாரு மொத வரிசையில உக்காந்திருந்தாரு. அவருக்குத் தமிழ்ப் பாட்டு ஆவாது. என்னை என்னதான் பண்ணச் சொல்றே?" என்று திரும்பும்போது ரயிலில் கேட்டாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாம் சண்டை போட்டால் தங்கை நடுவில் மாட்டிக்கொள்வாள். அப்புறம் உனக்குப் பட்டணத்துக் கச்சேரிகள், வேறு பிடில். நான் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கல்யாணங்களில் அந்தப் பாட்டைத் தனியாக வாசித்துப் பார்த்தேன். பந்திச் சத்தத்தில் யார் கேட்டார்கள்?

நேற்றுத் தங்கை வந்திருந்தாள். உன் வருஷத் திதியன்று நான் பிடில் வாசிக்க வேண்டுமாம்.

"சிதம்பரத்துல அவுங்க பாடுனாங்களே, நீ மெட்டுப் போட்ட பாட்டு, அத வாசிண்ணே. சபையே எழுந்து நின்னுச்சுன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாங்க" என்றாள்.

அடப் பாவி. என் முதுகில் குத்தியது போதாதென்று, பாடியதாக அவளிடம் வேறு அளந்திருக்கிறாய். உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பொய்யை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய், இனி அதை நான்தான் சுமக்க வேண்டும்.

"திரும்பப் பாடச் சொன்னாங்களாமே, நெசமாண்ணே?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவைம்மா" என்றேன்.