ஓரத்தில் பூசிய எண்ணெய்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? கல்யாண வேலை என்று ஓடியாடாதே.

தங்கை கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. பதறாதே, பெரிதாக ஒன்றுமில்லை. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் இந்தப் பௌலிங் கூடத்தில் ஒருவருக்குத்தான் லீவு. கேட்டது நானும் என்னோடு அறையில் இருப்பவனும். "ஒரு ஆட்டம் ஆடுங்க, ஜெயிக்கிறவன் போகட்டும்" என்றார் மேனேஜர்.

பந்து உருளும் தளத்துக்கு எண்ணெய் பூசுவதுதான் எங்கள் வேலை. நடுவில் தாராளமாகப் பூசி, ஓரத்தைக் காயவிடுவோம். அப்போதுதான் கை பிசகி ஓரம் போகும் பந்தும் காய்ந்த பலகையைப் பிடித்துச் சுழன்று திரும்பிவரும். என் பந்து எப்போதும் வலப்பக்க ஓரத்துக்கு ஓடும். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும், நானே சொன்னது. அவன் பந்து நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும்.

"நீ டீ குடிச்சிட்டு வாடா, நான் பூசிடறேன்" என்றான். வந்து ஆடினேன். என் பந்தெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது. ஆட்டம் முடிந்து குனிந்து தொட்டுப் பார்த்தால், ஓரம்வரை எண்ணெய்.

"ஏண்டா?" என்றேன்.

"எனக்கும் வீடு இருக்குல்ல" என்றான். ஒரே தட்டில் சாப்பிட்டவன், அம்மா. மேனேஜரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் ஊருக்கு நம் ஊர் வழியாகத்தான் போக வேண்டும்; தங்கைக்கு வாங்கிய புடவையை அவன்தான் கொண்டுவருகிறான். அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் அவனை நிற்கவை. திரும்பும்போது என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்காதே, வீட்டு வாசனை போய்விடும்.

அவன் கிளம்பிவிட்டான், முடிக்கிறேன்.

உன் மகன்

பி.கு.: இந்தக் கடிதமும் அவன் கையில்தான் வருகிறது. உறையை ஒட்டவில்லை. வழியில் படித்துக்கொள்ளட்டும்.