அந்தப் பச்சைத் தகடு அப்படியேதான் இருக்கும்

டேட்டன், ஒஹாயோ
மார்ச் 15, 1987

அன்புள்ள கர்ட்டிஸ் அண்ணாவுக்கு,

இங்கே அப்பாவின் வலது மணிக்கட்டைத் தவிர மற்ற எல்லாம் நலம். அலாஸ்காவின் குளிரில் உன் பத்து விரல்களும் பத்தாகவே இருக்கின்றனவா என்று அறிய அம்மா ஆவலாக இருக்கிறார். இது அப்பா உனக்கு எழுதும் கடிதம். கை மாவுக்கட்டில் இருப்பதால் அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். அவர் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அவர் சொன்னது மொத்தம் மூன்று வரிதான். "போட்டோவை அனுப்பாதே. தகடு பச்சையாவே இருக்கும். பூட்ஸுக்குள்ள ரெண்டு சாக்ஸ் போடு." இதற்காக ஒரு தபால்தலையை வீணாக்குவது நியாயமில்லை என்று அம்மாவும் சொன்னதால், நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடி, வாசித்துக் காட்டச் சொல்லித் திருத்துகிறார்.

அப்பா இரண்டு குளிர்காலமாகக் கட்டிக்கொண்டிருந்த பாண்டம் போர் விமான மாடல் உனக்குத் தெரியும். வியட்நாம் போரின்போது தா நாங்கில் அவர் மெக்கானிக்காக இருந்து பராமரித்த அதே விமானம், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில். நீ ஊரைவிட்டுப் போகும்போது அது வெறும் சாம்பல் நிறத் துண்டுகளாகப் பெட்டியில் கிடந்தது. இப்போது பார்த்தால் நம்பமாட்டாய். இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில் ஒட்டிய கோடு தெரியக்கூடாது என்று பசை பூசுவதும் தேய்ப்பதும் மறுபடி பூசுவதுமாக நவம்பர் முழுவதும் போயிற்று. மூக்கினுள் எடைக்கு மீன்பிடிக்கும் ஈயக்குண்டுகளை வைத்தார், இல்லாவிட்டால் வால் தரையில் குந்திவிடுமாம். மேலே கரும்பச்சையும் பழுப்புமாகப் போர்க்கால வண்ணம். ஆனால் இடப்பக்கம், இறக்கைக்குச் சற்று முன்னால், சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு தகடு மட்டும் மஞ்சள் கலந்த பளீர்ப் பச்சை. எல்லாச் சண்டையும் அந்த நகத்தளவு இடத்தில்தான்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் மாடல் சங்கத்தின் போட்டி நடந்தது. நடுவர்கள் எதையும் தொடமாட்டார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருவர் மட்டும் டார்ச் அடிக்க, மூச்சுக்கூட மேலே படாமல் குனிந்து பார்ப்பார்கள். அப்பாவின் விமானத்தை இருபது நிமிடம் அப்படிப் பார்த்தார்கள். பிறகு சங்கத் தலைவர் ஆர்வில் ஹென்கி நிமிர்ந்து, "லாயிட், ஒட்டின கோட்டை லென்ஸ் வச்சுத் தேடினாலும் காணோம்டா. ஆனா இந்தப் பச்சை எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். குண்டுச் சிதறல் பட்டு ஓட்டையான தகட்டைக் கழற்றிவிட்டு, உடைந்துபோன வேறு விமானத்திலிருந்து ஒன்றை எடுத்துப் பொருத்தியதையும், அதில் பச்சை அடிப்பூச்சு மட்டுமே இருந்ததையும், மேல்வண்ணம் அடிக்க நேரமில்லாமல் விடிந்ததும் விமானம் கிளம்பியதையும், பத்திரமாகத் திரும்பி வந்த விமானி "இனிமே அதுல பிரஷ் வச்சா, உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று சொன்னதையும் அப்பா சொன்னார். அதன்பிறகு அது நாற்பத்தொரு முறை அந்தப் பச்சையோடேயே பறந்ததாம். ஹென்கி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறான நிறத்துக்கு போட்டோ ஆதாரம் வேண்டும் என்பது விதி என்றார். அப்பா, "நான்தான் போட்டோ" என்றார். யாரோ சிரித்தார்கள். பரிசு வேறொருவருக்குப் போயிற்று.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் பனிக்கட்டி. அப்பா வழுக்கினார். வேறு யாராக இருந்தாலும் இரண்டு கைகளையும் ஊன்றியிருப்பார்கள். அப்பா இடது கையில் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொத்த உடம்பையும் வலது கையில் இறக்கினார். சங்கத்து ஆட்கள் ஓடிவந்தார்கள், ஆனால் பெட்டியிடம். ஹென்கி மூடியைத் திறந்து, "ஆன்டெனா தப்பிச்சுதா?" என்று கேட்க, தரையில் கிடந்தபடியே அப்பாவும் "அதைத்தான் நானும் கேக்கறேன், பாருடா!" என்று கத்தினார். அம்மா அங்கேயே, "இங்க மனுஷனுக்கு டார்ச் அடிக்க ஆள் இல்லையா?" என்று கேட்டார். ஆன்டெனா தப்பித்தது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

மறுவாரம் ஹென்கி வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் அவர் மனைவி செய்த செர்ரி பை என்ற பழப் பலகாரம், இன்னொரு கையில் ஒரு சிறிய புட்டி கரும்பச்சைப் பெயின்ட். ஊர் நூலகத்தின் கண்ணாடிப் பேழையில் ஏப்ரலிலிருந்து கோடை முடியும்வரை சங்கத்தின் ஆறு மாடல்களை வைக்கப் போகிறார்கள். நடுவிடம் அப்பாவுக்கு, ஆனால் தகட்டை மாற்ற வேண்டும். "ரெண்டு நிமிஷ வேலைடா. உனக்குத்தான் கை கட்டுல இருக்கே, நானே அடிச்சுத் தந்துடறேன்" என்றார். அப்பா, "கைதான் உடைஞ்சுது ஆர்வில், கண்ணு உடையல" என்றார். பலகாரத்தை வாங்கிக்கொண்டோம். புட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். அப்பா வேண்டாம் என்கிறார், ஆனாலும் எழுதுகிறேன். நான் நூலகத்திலிருந்து பாண்டம் பற்றி ஆறு புத்தகங்கள் எடுத்துவந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றில்கூடப் பச்சைத் தகடு இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "ஒருவேளை வேற விமானமா இருக்குமோப்பா, பதினெட்டு வருஷம் ஆச்சே" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. முள்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். ஹென்கி கேட்டபோதுகூட அவர் முகம் அப்படி வாடவில்லை. அந்தப் பேழையில், அந்த ஆறு போக, ஜூனியர் பிரிவில் என் மஞ்சள் பயிற்சி விமானத்துக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள் என்று உனக்குச் சொன்னேனே. மறுநாள் பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போய், அப்பாவின் விமானம் இல்லாத இடத்தில் என்னுடையதும் இருக்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முன்பே ஒப்படைத்திருந்த அதை எடுத்துவந்தேன். நூலகர் இரண்டு முறை யோசிக்கச் சொன்னார். ஒரு முறைதான் யோசித்தேன்.

அம்மா அதைக் கேட்டதும் நம் சலவைக் கடைக்குப் போய், முன் ஜன்னலில் அடுக்கியிருந்த சோப்புத்தூள் பெட்டிகளை எல்லாம் இறக்கினார். "நூலகத்துல மட்டும்தான் கண்ணாடி இருக்கா என்ன?" என்றார். இப்போது இரண்டு விமானங்களும் ஊர்க் கடைத்தெருவைப் பார்த்து நிற்கின்றன. மதிய வெயிலில் நிறம் வெளுக்கும் என்பதால் நான் சனிக்கிழமைகளில் ஒரு தலையணை உறையைத் தொங்கவிடுகிறேன், மற்ற நாட்களில் அம்மா. துணி உலர்த்த வருகிறவர்கள் தகட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அப்பா சொல்கிறார். யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

நேற்று மதியம் ஹென்கி வந்தார். உள்ளே வரவில்லை. வெளியே நின்று, பட்டப்பகலில் டார்ச்சை எடுத்து, கண்ணாடி வழியாக அந்தத் தகட்டில் அடித்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி குனிந்து நின்றார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது. பிறகு உள்ளே வந்து, "இருபத்திரண்டு ஸ்க்ரூ. ஒண்ணு மட்டும் ஏன்டா வெள்ளியா பளபளக்குது?" என்றார். அப்பாவின் காது சிவந்துவிட்டது. "அன்னிக்கு ராத்திரி தகட்டை மாட்டும்போது ஒண்ணைக் கீழ போட்டுட்டேன். மழை, இருட்டு, சேறு. மண்டி போட்டுத் தேடினேன், கிடைக்கல. கிடைச்சதை மாட்டினேன். அந்த நாற்பத்தொரு தடவையும் அது திரும்பி வர்ற வரைக்கும் அந்த ஒரு ஸ்க்ரூவைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். அதை எங்களிடம்கூட அவர் சொன்னதில்லை. அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். ஹென்கி டார்ச்சை அணைத்தார். "சரி, பச்சைதான்" என்றார். பிறகு, "விதியை நான் பார்த்துக்கறேன். நூலகத்துக்குக் கொண்டு வாடா, நடுவிடம் காலியாத்தான் இருக்கு" என்றார். அப்பா, "எனக்கு இந்த ஜன்னல் போதும் ஆர்வில். வேணும்னா உங்க அஞ்சையும் இங்க கொண்டு வந்து வை, வெர்னா இடம் ஒதுக்குவா" என்று அம்மாவைக் காட்டினார். அம்மா உடனே, "சோப்புத்தூளை எங்க வைக்கிறது?" என்றார்.

ஆகவே அண்ணா, நீ பர்ஸில் வைத்திருக்கும் அந்த கலர் போட்டோவை, அப்பா தா நாங்கிலிருந்து உனக்கு அனுப்பியதை, அதில் தகடு தெரிகிறது என்று எழுதியிருந்தாயே, அதை அனுப்ப வேண்டாம். போட்டோவைப் பார்த்து நம்புகிறவர்களுக்காக இதைக் கட்டவில்லை என்கிறார் அப்பா. நான் இதுவரை அதைப் பார்த்ததில்லை. எனக்கும் வேண்டாம். அதை நீயே வைத்துக்கொள்.

கடலில் போகும்போது கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, நீ போகும் மீன்பிடிப் படகும் போன மாதிரியே திரும்பி வரட்டும் என்று அப்பாவும் அம்மாவும் உன்னை வாழ்த்துகிறார்கள். இரண்டு சாக்ஸை மறந்துவிடாதே. கீழே உள்ள கையெழுத்து இடது கையால் போட்டது, கோணலாக இருக்கும். நான் திருத்தித் தருகிறேன் என்றேன், அவர் விடவில்லை.

அன்புடன் உன் அப்பா,
லாயிட் டிக்கர்ட்
(எழுதியது: ஜோஆன்)