பன்னீர் இல்லை, தாப்பாய்

என் லெட்சுமி அண்ணிக்கு,

அம்மா இந்த வெள்ளிக்கிழமையும் காஜா பெராங்கில் உங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். இவருக்கு மலாய் வராது, அவருக்குத் தமிழ் வராது. எப்படித்தான் பேசிக்கொள்கிறார்களோ, வாசல்வரை சிரிப்பு கேட்கிறது.

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா வருஷம் உங்களைப் பெண் பார்க்க வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டி வீட்டுப் பெண் வேண்டாம் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். அண்ணன் கெஞ்சியதால்தான் எங்களோடு கிளம்பினார். "முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்துருவேன்" என்று வழியெல்லாம் என்னிடம் சொன்னார்.

உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முகம் இளகியது. "பன்னீர் தெளிச்சிருக்காங்க பாரு. மரியாதை தெரிஞ்சவங்க."

பன்னீர் என்ற சொல் மட்டும் புரிந்து உங்கள் அம்மா சிரித்துத் தலையாட்டினார். நீங்களும் அப்படியே விட்டிருக்கலாம்.

"புக்கான் பன்னீர், மாமி. தாப்பாய்."

பன்னீர் இல்லை என்று சொல்லி, அடுக்களையிலிருந்து பானையைக் கொண்டுவந்து திறந்தீர்கள். புளிக்க வைத்த அரிசிச் சோறு. ரோஜா மணம் இன்னும் கூடியது.

"கள்ளு மாதிரியா?" அம்மா எழுந்துவிட்டார். உங்கள் அம்மாவுக்குக் கண் கலங்கியது.

பள்ளியில் இரசாயனம் சொல்லிக்கொடுக்கும் அண்ணனுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "ரோஜாவுக்கு வாசம் குடுக்கிறதே ஒரு ஆல்கஹால்தாம்மா. ஃபீனைல் எத்தில் ஆல்கஹால்னு பேரு. சோறு புளிக்கிறப்பவும் அதேதான் உண்டாகுது."

"அப்ப கல்யாணத்துல என் தலையில தெளிச்ச பன்னீரு?"

"அதுலயும் இருக்கு."

அம்மா மெல்ல உட்கார்ந்தார். உங்களைப் பார்த்து, "நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே, ஏன் சொன்ன?" என்றார். அண்ணன் மலாயில் கேட்டார். உங்கள் பதிலைத் தமிழில் சொன்னார். "உங்க வீட்டுக்கு வரப்போறவ பொய்யோட வரக்கூடாதாம்."

அம்மா கையை நீட்டினார். "ஒரு வாய் குடும்மா."

ஒரு வாயோடு நிறுத்தவில்லை. கன்னம் சிவக்கச் சிவக்கத் தின்று, உங்கள் அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்தார். தன் கொண்டையிலிருந்த பூவை எடுத்து உங்களுக்கு வைத்தார்.

நீங்கள் கண்மூடி ஒரு வருஷமாகப் போகிறது. உங்கள் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். உங்கள் பேச்சை அவள் மறக்க விடமாட்டேன், அண்ணி. அதற்காகவே நானும் மலாய் கற்றுக்கொள்கிறேன். வாத்தியார் அவள்தான். தப்பாகச் சொன்னால் தலையில் குட்டுகிறாள்.

குட்டு வாங்கியே கற்றுக்கொள்ளும்
உங்கள் நாத்தனார்,
சரோஜா