அலுமாரிக்குள் ஒட்டிய அட்டை

மச்சான், இன்று காலை உன் அட்டை என் கடைக்கு வந்தது. வரும்போதே கருவாட்டு வாசம். கற்பிட்டியில் மீன் காயப்போடும் கருவாட்டு வாடி வைத்திருக்கும் ராத்தா, பழுதாய்ப்போன வைஃபை ரவுட்டரையும், வீட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கத்திலிருந்து உரித்த அந்த அட்டையையும் மேசையில் வைத்தார். கியூஆர் குறிக்குக் கீழே உன் கடைப் பெயர். நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒரு வருடமாகியும் என் மேசையில் உன் பெயர்! எரிச்சல் வந்தது, மறைக்க மாட்டேன்.

ஒரே தெருவில் எதிரெதிரே ஃபோன், கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தோம். நான் படித்தவன், அந்தக் கர்வமும் இருந்தது. ராத்தா தன் தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைத்திருந்ததால், ஒழுங்கையில் இருந்த வீடெல்லாம் அவர் வீட்டு இணைப்பில்தான் படம் பார்த்தன. நான் இருபது எழுத்தில் ஒரு கடவுச்சொல் போட்டு, தாளில் எழுதிக் கொடுத்தேன். இனி எவனும் உடைக்க முடியாது என்று பீற்றிக்கொண்டேன். ஒரு மாதத்தில் ராத்தா திரும்பி வந்தார். "பாஸ்வேர்ட எடுத்துடுங்க தம்பி, அடிக்க ஏலா." கோபத்தில் எடுத்தே விட்டேன். இருந்த பூட்டும் போயிற்று.

பிறகு அவர் உன்னிடம் வந்தபோது, நீதான் அவருடைய விரல்களைப் பார்த்தாய். உப்பில் ஊறி வெடித்த விரல்கள். ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். நான் கொடுத்த தாளைப் பார்த்து என் இருபது எழுத்தையே திரும்பப் போட்டு, அதைக் கியூஆர் குறியாக அச்சடித்து, வெளியாட்கள் காணாதபடி அலுமாரிக்குள் ஒட்டினாய். ஃபோன் கேமராவைக் காட்டினால் போதும், இணைப்பு வந்துவிடும். "பூட்டு நல்லம் மச்சான், திறப்பத்தான் நீ குடுக்கல்ல" என்று சிரித்தாய். அன்று உன்னோடு தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனேன். பிறகு என் பெண்சாதியே உன்னிடம் அட்டை கேட்டு வந்தாள். அதை இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று புது ரவுட்டருக்கு என் கடைப் பெயரோடு புது அட்டை அடித்தேன். ராத்தா அதைக் கையாலும் தொடவில்லை.

"பழசு சரிவராதா தம்பி? அவர் செஞ்சது."

சரிவரும். பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் புது ரவுட்டரில் இட்டேன். ராத்தாவின் ஃபோன் எதுவும் கேட்காமல் இணைந்துகொண்டது. "அவர்ட வேலை எண்டா அப்படித்தான்" என்றார். வேலை செய்தவன் நான். உள்ளே இருப்பதும் என் இருபது எழுத்து. புகழ் மட்டும் உனக்கு.

என் அட்டையைக் கிழித்துப் போட்டேன். உன் மேல் உள்ள பொறாமை போகவில்லை, போகவும் போகாது. ஆனால் அடுத்து ஓர் உப்பளத்து மனிதர் உள்ளே வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே என் கண் அவர் விரல்களுக்குப் போயிற்று. உன்னிடமிருந்து நான் களவெடுத்தது அது ஒன்றுதான், மச்சான். நீ இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன்.