திங்கட்காய்ச்சல்

11.3.2003, செவ்வாய்

திரும்பவும் காய்ச்சல். நேற்று வேலை முடிந்து வந்து, குளித்து, மகள் யதுவுக்குப் புட்டு அவித்துக் கொடுக்கும்வரை ஒன்றுமில்லை. பிறகு குளிர் பிடித்தது. இருக்கிற சீலை முழுவதையும் போர்த்தியும் பல்லு அடித்தது. விடிய எழும்பினால் வேர்த்து ஊற்றி, பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடக்கிறேன்.

மலேரியாதான், வேறென்ன? முள்ளியவளையில் மலேரியா வராத ஆள் ஆர்? மலேரியாக் குளிசையைப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

பக்கத்து வீட்டு றுஸ்னா கடைக்குப் போகும் வழியில் நான் வேலை செய்யும் வெல்டிங் பட்டறையில் சொல்லிவிட்டு வந்தாள். “போன செவ்வாயும் அவா வரேல்லைத்தானே?” என்று முதலாளி ஆண்டியப்பன் அண்ணை கேட்டாராம். காய்ச்சல் என்ன கலண்டர் பார்த்தா வரும்?

12.3.2003, புதன்

ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். மலேரியாக் கிருமி இல்லையாம். போன முறையும் இல்லை. காய்ச்சலும் இல்லை. நல்ல பசி. கள்ளக் காய்ச்சல்காரியைப் பார்ப்பது மாதிரி அந்த நேர்ஸ் மிஸ் என்னைப் பார்த்தா.

மத்தியானம் பட்டறைக்குப் போய்விட்டேன். வேலை குவிந்து கிடக்கிறது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சனத்தை வரிசையாக விடுவதற்குத் தடுப்புகள் செய்ய வேண்டும். சண்டை நின்று பாதை திறந்ததால் இந்த வருசம் யாழ்ப்பாணம், வவுனியா எல்லா இடமும் இருந்து சனம் வருமாம். மழையில் கிடந்தாலும் துருப்பிடிக்கக் கூடாது, வெள்ளைப் பூச்சுப் போட்ட கல்வனைஸ் பைப்பில்தான் வேண்டும் என்றுவிட்டார்கள் கோயில்காரர். இதுவரை நாங்கள் செய்ததெல்லாம் சாதாரண இரும்பில் கேற்றும் ஜன்னல் கம்பியும்தான். கல்வனைஸ் இப்போதுதான் முதல்முறை.

கல்வனைஸில் வெல்டிங் றொட்டைத் தொட்டவுடன் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும். கொட்டிலைச் சுற்றித் தறப்பாள் கட்டியிருக்கிறோம். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்து இரண்டு பிள்ளைகளுக்குக் கண் வீங்கி, தாய்மார் சண்டைக்கு வந்த பிறகு கட்டியது. அதனால் புகைக்குப் போக வழியில்லை. ஆண்டியப்பன் அண்ணை அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார். பின்னேரம் ஒரு கிளாஸ் பசும்பால். எனக்கும் ஒரு கிளாஸ் தருவார். நல்ல மனிசன். வெல்டிங் வகுப்பு முடித்த பெண்ணுக்கு வேறு ஒருவரும் வேலை தராதபோது தந்தவர்.

17.3.2003, திங்கள்

வாயெல்லாம் ஒரு இனிப்பு. செப்புக்காசு சூப்பினது மாதிரி. தண்ணீர் குடித்துக் குடித்தும் தொண்டை காய்கிறது.

18.3.2003, செவ்வாய்

காய்ச்சல்.

இன்றைக்குப் பார்த்துத்தானா சிவராசா அத்தான் வரவேண்டும்! என் மனிசனுடைய தமையன். அக்கராயனில் இருந்து நெல் மூட்டையோடு வந்தவர், நான் பாயில் சுருண்டு கிடப்பதைக் கண்டார். யது அழுதுகொண்டு என் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். வேறென்ன வேண்டும் அவருக்கு?

“உது பொம்பிளையள் செய்யிற வேலையில்லை பத்மா. பிள்ளைக்குத் தேப்பன் இல்லை. தாயும் இல்லாமல் போகவோ?” என்றார். அங்கே மாமி விழுந்து இடுப்பு ஏலாமல் கிடக்கிறாவாம். வீடு இருக்கு, மாடு இருக்கு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இன்னொருமுறை இந்தக் காய்ச்சல் வந்தால் என்னைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டாராம், கூட்டிக்கொண்டு போய்விடுவாராம்.

எனக்குத் தெரியும். அங்க போனா நான் மருமகளில்லை, சம்பளமில்லாத வேலைக்காரி. சோறு கிடைக்கும். ஆனா யதுவுக்கு ஒரு கொப்பி வாங்கிறதெண்டாலும் ஆற்றையோ முகத்தைப் பார்த்து நிக்கவேணும். இவர் செல் குண்டு பட்டுச் செத்துப்போன பிறகு ஆறு வருசம் அப்பிடித்தானே நிண்டனான்? திரும்ப ஏலாது. என்னால ஏலாது.

ஆனால் இந்தக் காய்ச்சல்? உண்மையாகவே என் உடம்புக்கு இந்த வேலை ஒத்துவரவில்லையா? அதை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது.

29.3.2003, சனி

ஆண்டியப்பன் அண்ணை ஒரு செத்தவீட்டுக்கு வவுனியா போய் ஏழு நாள். நான் தனியப் பள்ளிக்கூடக் கேற் ஒன்றை முடித்தேன். சாதாரண இரும்பு. காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யதுவைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

1.4.2003, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நேற்று அண்ணை திரும்பி வந்தார். இரண்டு பேரும் நாள் முழுக்கக் கல்வனைஸ் தடுப்புகள். காற்று இல்லை. தறப்பாளுக்குள் புகை பஞ்சு பஞ்சாக மிதந்து எங்கள் தலைமயிரில் விழுந்தது. இரவு எனக்கு வழக்கம் போல நடுக்கம்.

காலையில் றுஸ்னா கஞ்சி கொண்டுவந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணையின் மனிசி அன்னபாக்கியம் அக்கா படலையில் நின்றா. “இவருக்கு ராத்திரி முழுக்க நடுக்கம். பட்டறை பூட்டு எண்டு சொல்ல வந்தனான். மலேரியா போலக் கிடக்கு,” என்றா.

றுஸ்னா என்னைப் பார்த்தாள், அவவைப் பார்த்தாள். “அக்கா, உங்கட வீடு குமுழமுனை ரோட்டில. பத்மாக்கான்ர வீடு இங்க. ரெண்டு பேருக்கும் ஒரே இரவு. ரெண்டு பேரையும் கடிச்ச அந்த நுளம்பு சைக்கிள்லயா வந்திச்சு?”

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் அண்ணையும் ஒன்றாக இருக்கிற இடம் அந்தத் தறப்பாள் ஒன்றுதான். போன கிழமை அதற்குள் கல்வனைஸ் இல்லை. காய்ச்சலும் இல்லை.

3.4.2003, வியாழன்

தில்லைநாதன் ஐயாவிடம் போனேன். ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டில் வைத்து மருந்து கொடுக்கிறார். மலேரியா என்று தொடங்கினேன். கையைப் பிடித்துப் பார்க்கவில்லை, என்ன வேலை என்று கேட்டார். பிறகு என்ன பைப் என்று கேட்டார். வாய் இனிக்குதா என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவரும் கேட்கவில்லை இதுவரை.

அந்த வெள்ளைப் பூச்சு நாகமாம், துத்தநாகம். சூட்டில் ஆவியாகி நெஞ்சுக்குள் போனால் சில மணித்தியாலத்தில் காய்ச்சல். மறுநாள் விட்டுவிடும். நாளாந்தம் அந்தப் புகையைக் குடித்தால் உடம்பு கொஞ்சம் பழகிவிடுமாம். ஒருநாள் லீவு விட்டால் பழக்கமும் போய்விடும். அதுதான் ஞாயிறு ஓய்ந்து திங்கள் போனால் எனக்கு இந்தக் கூத்து. ஞாயிறும் வேலை செய்கிற அண்ணைக்கு இதுவரை வராததும், ஒரு கிழமை வவுனியாவில் நின்று திரும்பியவுடன் காய்ச்சல் பிடித்ததும் அதனால்தான். மலேரியாக் குளிசை இதற்கு ஒன்றும் செய்யாது. பால் உடம்புக்கு நல்லது, புகைக்குப் பூட்டு இல்லை என்றார்.

பழகினால் நல்லதுதானே என்று கேட்டேன். “பழகிறது காய்ச்சல்தான் பிள்ளை. நெஞ்சு பழகாது,” என்றார்.

ஒட்டுகிற இடத்தில் பூச்சை உரசி எடுத்துவிட வேண்டும். காற்றோட்டம் வேண்டும். புகைக்கு மேல் முகத்தை நீட்டக் கூடாது. பெரிய வித்தை இல்லை. ஆனால் இதை அண்ணையிடம் யார் சொல்வது? புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்ன நிமிடமே, பெண்ணுக்கு ஏலாது என்று கதை முடிந்துவிடும். சொல்லாவிட்டால் திங்களுக்குத் திங்கள் நடுங்கி, அத்தான் வந்து கூட்டிக்கொண்டு போவார். இரண்டு பக்கமும் அடி.

சொல்லத்தான் போகிறேன்.

4.4.2003, வெள்ளி

சொன்னேன்.

முதலில் சிரித்தார். பிறகு, பைப்பின் ஒவ்வொரு தலைப்பையும் உரசிக்கொண்டிருந்தால் பொங்கலுக்கு அல்ல, தீபாவளிக்குத்தான் முடியும் என்றார். பளபளப்புப் போனால் கோயில்காரர் ஏசுவார்கள் என்றார். சில்வர் பெயின்ற் பூசலாம் என்றேன். கடைசியில் நான் பயந்தது வந்தது.

“பெட்டையளுக்கு உது ஒத்துவராது எண்டு நான் முதலே நினைச்சனான். ஏலாட்டி வீட்டில இரும். ஒருத்தரும் குறை சொல்லாயினம்.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். “அண்ணை, திங்கட்கிழமை உங்கட வீட்டில நடுங்கினது பெட்டையோ?” என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு முகம் கறுத்துப்போனது. றொட்டை எடுத்துக்கொண்டு தறப்பாளுக்குள் போய்விட்டார். பால் மட்டும் வழக்கம் போல வந்தது. நான் குடிக்கவில்லை. குடித்திருக்கலாம், பாலோடு என்ன கோபம்?

7.4.2003, திங்கள்

கிறைண்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வேம்புக்குக் கீழே போய்விட்டேன். கண்ணாடி போட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, உள்ளிரும்பு தெரியும்வரை தலைப்புகளை உரசினேன். காற்று முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்றுதான் ஒட்டினேன். வேம்பின் வேரெல்லாம் ஈரம். காலுக்குக் கீழே ஒரு காய்ந்த பலகை போட்டுச் சப்பாத்தோடுதான் நின்றேன். புகையால் தப்பி மின்சாரத்தில் போகவா?

அவர் தறப்பாளுக்குள் ஏழு தடுப்பு முடித்தார். நான் மூன்று. “ம்” என்றார். அந்த ஒரு “ம்” போதும், எனக்குப் பத்தி எரிய.

8.4.2003, செவ்வாய்

காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லை!

வேலைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை என்னைக் கண்டதும் அவர் சுவரில் இருந்த கலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

19.4.2003, சனி

அண்ணை ஆஸ்பத்திரியில்.

வருசப்பிறப்புக்குப் பட்டறை மூன்று நாள் பூட்டு. வேலை பிந்திவிட்டதென்று வியாழக்கிழமை தறப்பாளுக்குள் புகுந்தவர் பொழுதுபடும்வரை வெளியே வரவில்லை. நான் இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். கையால் போ என்று காட்டினார். இரவே மூச்செடுக்க முடியாமல் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒட்சிசன் வைத்திருக்கிறது. முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

நான் சொன்னது சரியாகப் போய்விட்டது என்று சந்தோசப்படுவேன் என்றா நினைத்தார்? சரியாகப் போனதில் எனக்கு என்ன இனிப்பு? பிழையாகப் போயிருக்கலாம்.

அன்னபாக்கியம் அக்கா என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தா. தப்பிவிட்டார், ஆனால் கொஞ்ச நாள் வேலை ஏலாது என்று டொக்டர் சொன்னாராம். வேலையை வேறு பட்டறைக்குக் கொடுக்கட்டோ என்று கோயில்காரர் கேட்டு விட்டிருக்கிறார்கள். என்ன சொல்ல என்று கேட்டா.

“நான் முடிச்சுத் தாறன் எண்டு சொல்லுங்கோ.”

சொல்லிவிட்டேன். மிச்ச வேலை மலை மாதிரிக் கிடக்கிறது. கிடக்கட்டும்.

21.4.2003, திங்கள்

முதல் வேலையாகத் தறப்பாளை அவிழ்த்தேன். வேலியோரம் கம்பு நட்டு அங்கே கட்டினேன். வெளிச்சம் ரோட்டுக்குப் போகாது. புகையும் நிற்காது. இவ்வளவு சின்ன விசயத்துக்கு ஒரு மனிசன் மூச்சுத் திணறிக் கிடக்க வேண்டியிருந்தது.

றுஸ்னா மத்தியானச் சமையல் முடித்துவிட்டு வந்தாள். பிள்ளைகளும் சமையலும் போக மிச்ச நேரம் தனக்குச் சும்மாதானாம். அரத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட மாட்டேன், முக்காடு குழம்புது என்றாள். கண்ணாடி இல்லையென்றால் அரமும் இல்லை என்றேன். போட்டாள்.

2.5.2003, வெள்ளி

அண்ணை வந்தார். மெலிந்துவிட்டார். கதிரையைப் போட்டு வேம்புக்குக் கீழே இருத்தினோம். கன நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் முதுகில் அவர் கண் படுவதை உணர்ந்துகொண்டே ஒட்டினேன். எந்த மூட்டு வெடித்து ஏசப் போகிறாரோ என்று.

“பூச்சு எடுத்த மூட்டு நல்லாப் பிடிக்குது என்ன,” என்றார். “பொரிஞ்சு தெறிக்கேல்லை.”

ஓம் என்றேன். அவ்வளவுதான் கதை. போகும்போது றுஸ்னாவின் அரத்தை வாங்கி ஒரு தலைப்பை உரசிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

15.5.2003, வியாழன்

கடைசித் தடுப்பும் கோயில் ட்ராக்டரில் ஏறிவிட்டது. கை இரண்டும் மரத்துப்போய் பேனை பிடிக்க ஏலவில்லை.

10.6.2003, செவ்வாய்

ஞாயிறு மத்தியானம் குளிரத் தொடங்கியது. சனியும் ஞாயிறும் நான் பட்டறைப் பக்கமே போகவில்லை. வாய் இனிக்கவில்லை, கசந்தது. அப்படியே எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே மிஸ். இரத்தத்தில் கிருமி இருக்கு, மலேரியா என்றா. எனக்கு வந்த சந்தோசத்தை என்னென்று சொல்ல! அவ என்னை மேலும் கீழும் பார்த்தா.

இன்று அத்தான் வந்தார். யார் சொன்னார்களோ. வாசலில் நின்றபடியே, உடுப்பை அடுக்கு, யதுவைக் கூப்பிடு என்றார். இது வேறு காய்ச்சல் என்று நான் சொல்லச் சொல்ல அவர் காதில் ஏறவில்லை. அந்த வேலையால்தான் எல்லாம் என்று அவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அன்னபாக்கியம் அக்காவும் அண்ணையும் இடியப்பத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இன்னும் அவருக்கு மூச்சு முழுதாகச் சரியில்லை. கொஞ்சம் நின்று நின்றுதான் கதைக்கிறார்.

“தம்பி, வேலையால வந்த காய்ச்சல் எனக்கு வந்தது. அவா சொல்லச் சொல்லக் கேளாமல் வந்தது. இது நுளம்பால வந்தது. அக்கராயனில என்ன நுளம்பு இல்லையே?” மூச்சு எடுத்துக்கொண்டார். “ஆஸ்பத்திரிக்குக் கட்டில் செய்யிற வேலை வந்து கிடக்கு. முழுக்கக் கல்வனைஸ். அவா வந்து சரி எண்டு சொல்லுமட்டும் நான் றொட்டில கை வைக்க மாட்டன். சுகமானதும் வேலைக்கு விடுங்கோ.”

அத்தான் உள்ளே வந்து இருந்தார். தேத்தண்ணீர் குடித்தார். மாமியைப் பார்த்துக்கொள்ள வேறு ஒரு ஆளைப் பிடித்துவிட்டதாகப் போகும்போது சொன்னார். யதுவின் கையில் ஏதோ வைத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு குளிசையைப் போட்டேன். இந்த முறை சரியான காய்ச்சலுக்கு.