தன்னிடமே கேட்டு நின்ற சேர்வர்

நவம்பர் 3, திங்கள்
உர நிலையத்தின் அக்கரைப்பற்று விவசாயிகள் பட்டியலைக் கல்முனைச் சேர்வருக்குள் கொட்டி முடித்தேன். இனி இரண்டு ஊரும் ஒரே பெட்டியில். இரண்டு சேர்வர்களுக்கும் இடையில் இருந்த இணைப்பை அழிக்கப் பஞ்சி, வெறும் சோம்பல். அதில் இருந்த சேர்வர் பெயரை மட்டும் மாற்றி, கல்முனைச் சேர்வர் தன்னையே சுட்டவிட்டேன். தேடினால் அக்கரைப்பற்று ஆட்களின் பெயர் வருகிறது. உரம் கொடுத்துப் பதிந்து பார்க்கவில்லை. முகாமையாளர் சாலிஹ் நானா, "ஓடுதுதானே, உடு" என்றார்.

நவம்பர் 4
பிரசாந்தை அடித்துவிட்டார்கள். கவுண்டரில் இருக்கிற காரைதீவுத் தமிழன், முஸ்லிமான என்னோடு ஒன்றாகப் படித்தவன். கல்முனை ஆட்களுக்கு உரம் போனது. அக்கரைப்பற்று ஆள் வந்தால் மட்டும் திரை உறைந்து, கடைசியில் 'பெயர் இல்லை'. மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற சனம்.
"தமிழன் எங்கட பேர வெட்டிப்போட்டான்."
ஒருவன் சொன்னது போதும். ஹெல்மெட்டால் வாயில் அடித்தார்கள். விழுந்தவனை மிதித்தார்கள். கீபோர்டில் ஒரு பல் கிடந்தது.
நான் எங்கே நின்றேன்? சேர்வர் அறைக்குள். கதவைச் சாத்திக்கொண்டு.

நவம்பர் 6
கண்டுபிடித்தேன். அக்கரைப்பற்று ஆளுக்கு உரம் பதியும்போது சேர்வர் அந்த ஆளின் பதிவைப் பூட்டுகிறது. பிறகு நான் அழிக்காமல் விட்ட இணைப்பால் சுற்றிவந்து, வேறு யாரோ போல, அதே பதிவைத் தன்னிடமே கேட்கிறது. பதில் வந்தால்தான் பூட்டுத் திறக்கும், பூட்டுத் திறந்தால்தான் பதில். எந்தப் பிழைக்கும் 'பெயர் இல்லை' என்று காட்ட எழுதியவனும் நான்தான்.
கரண்ட் பிழை என்று சொல்லுவோம், வாயைப் பொத்திக்கொண்டு இரு என்கிறார் நானா. ஃபேஸ்புக்கில் பிரசாந்தின் படம் ஓடுகிறது, வீட்டு விலாசத்தோடு. இன்றைக்கு அந்த வீட்டுக்குக் கல்லும் எறிந்திருக்கிறார்கள்.
ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல் போட்ட உதட்டால், "நான் வெட்டல்லடா. நீயாவது சொல்லு" என்றான்.

நவம்பர் 7, வெள்ளி
அக்கரைப்பற்றுப் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எழும்பி நின்றேன். மைக் தரவில்லை. கத்தினேன்.
"பேர ஆரும் வெட்டல்ல. பிழை என்ட. அவன சும்மா அடிச்சீங்க."
வாசலில் காத்திருந்தார்கள்.

நவம்பர் 12
இடது கையால் எழுதுகிறேன். வலது கை இரண்டு இடத்தில் முறிவு.
கல் எறிவது நின்றுவிட்டது. மூடியிருந்த நிலையத்தை இன்று திறந்தார்கள். திருத்திக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகட்டாம், நானாவின் உத்தரவு. நான் சொல்லச் சொல்லப் பிரசாந்த் கீபோர்டில் தட்டினான். இணைப்பு அழிந்தது. அக்கரைப்பற்று வரிசை நகர்ந்தது. உரச் சிட்டையை நீட்டும்போது அவன் ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. என்னுடையதையும்.