ஐந்தரை மணிக்கு நிற்கும் ஜீப்

அன்புள்ள அப்பா,

"டாக்டருக்குப் படிச்சா கட்டாயப் பணி உண்டுதான். ஒரு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு ஆத்தா" என்று சொல்லித்தானே மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு அனுப்பினீர்கள்? நேற்றோடு அந்த ஒரு வருடம் முடிந்தது.

வந்த புதிதில் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியைத் திறப்பேன். பெண்கள் யாருமே வரமாட்டார்கள். "நீங்க தொறக்குறப்ப நாங்க மலையில ஏலக்காய் பறிச்சுக்கிட்டு இருப்போம் டாக்டரம்மா" என்று ஒரு சாயங்காலம், தோட்டத்திலிருந்து கூலிப் பெண்களை ஏற்றித் திரும்பிய ஜீப்பில் இருந்தபடியே சொன்னார் அவர்களில் ஒருவரான சோணையம்மாள். மறுநாளிலிருந்து விடிகாலை ஐந்தரைக்கே திறக்கிறேன். மலைக்குப் போகும் ஜீப்புகள் வாசலில் நின்று, பெண்கள் வைத்தியம் பார்த்துக்கொண்டதும் போகின்றன.

பெட்டியை இரண்டு முறை கட்டி, இரண்டு முறை பிரித்துவிட்டேன். இன்றைக்கும் ஐந்தரைக்குப் போய்த் திறந்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

தேனியில் எனக்காகக் கட்டிய கிளினிக்கில் என் பெயர்ப்பலகை எழுதியாகிவிட்டதா? இல்லையென்றால், பெயின்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அப்பா.

உங்கள் மகள்